எல்லாப் பறவைகளும் எழுந்த படம்

என் வீட்டுக்காரருக்கு மனிதர்களைப் படம் எடுக்கப் பிடிக்காது. காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்துப் பிழைக்கிறவருக்கு இப்படி ஒரு குணம் இருந்தால் அடுப்பு எப்படி எரியும்? கல்யாண ஜோடி வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் முகத்தைச் சுளிப்பார். "சிரிங்கன்னா பல்லைக் காட்டுறாக, சிரிக்காதீகன்னா எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்காக" என்று உள்ளே வந்து முணுமுணுப்பார். அதே மனுஷர், பிரான்மலைக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு இறங்குகிறது என்றால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு சைக்கிளில் ஓடுவார். மின்னல் வெட்டும்போது பொட்டல் காட்டில் தனியாக நின்று படம் எடுத்திருக்கிறார். "இடி விழுந்து செத்தா அந்தப் படத்தை யாரு கழுவுறது?" என்று கேட்டேன். "நீதான்" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். அவர் பெயர் பூமிநாதன்.

என் பெயர் முத்தழகு. அறுபத்து நாலில் இவருக்கு வாழ்க்கைப்பட்டு காரைக்குடிக்கு வந்தேன். நெற்குப்பைக்கு மேற்கே கொக்குளாம்பட்டி என் பிறந்த ஊர். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு என்னை வளர்த்து, கட்டிக்கொடுத்து, சீர் செய்து அனுப்பியவன் என் அண்ணன் கருத்தையா. கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயல், ஒரு ஜோடி மாடு, என் மதினி பொன்னுத்தாயி, அவர்களுடைய ஒரே பெண் காளியாயி. அவன் உலகம் அவ்வளவுதான்.

கல்யாணமாகி நாலு வருஷமாகியும் எனக்குக் குழந்தை இல்லை. என் மாமியார், "வேற இடத்துல பொண்ணு பார்க்கணும்போல இருக்கே" என்று என் காதில் விழும்படி தெருவில் பேச ஆரம்பித்திருந்தாள். நான் சும்மா விடுவேனா? "நல்லாப் பாருங்கத்தே, எனக்கும் பாத்திரம் கழுவ ஒத்தாசைக்கு ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன். வெளியே வாய்தான், உள்ளே எனக்கும் பயம்தான். ஆனால் என்னைவிட என் அண்ணன்தான் அதிகம் பயந்தான். தங்கச்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிடுவாளோ என்று அவனுக்குத் தூக்கம் கிடையாது. நடந்தது அத்தனைக்கும் அந்தப் பயம்தான் காரணம்.

எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி மழையில் தண்ணீர் பெருகியதும் எங்கிருந்தோ நாரையும் அரிவாள்மூக்கனும் வக்காவும் வந்து இறங்கும். தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் இலை தெரியாதபடி கூடு கட்டும். மாசி வரைக்கும் இருந்து குஞ்சு பொரித்து, பறக்கப் பழக்கிக் கூட்டிக்கொண்டு போகும். அவற்றின் எச்சம் கரைந்த தண்ணீர்தான் எங்கள் வயல்களுக்கு உரம். அதனால் பறவை இருக்கிற மாதங்களில் ஊருக்குள் வெடிச்சத்தம் கூடாது. தீபாவளிக்குப் பிள்ளைகள் கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சாவு விழுந்தால்கூடக் கொட்டு கிடையாது, வேட்டு கிடையாது. என் அப்பா கார்த்திகையில் செத்தார். சத்தமே இல்லாமல்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மீறி ஊர்க்காரன் எவனாவது வெடி போட்டுப் பறவை கலைந்தால், ஊர்த்தலைவரான அம்பலம் சொல்லி அவன் வயலுக்கு மடையை அடைத்துவிடுவார்கள். மறுபடி பறவை வந்து கூடு கட்டுகிற வரைக்கும் அவனுக்குக் கண்மாய்த் தண்ணீர் இல்லை. வெளியூர்க்காரன் செய்தால் அடைப்பதற்கு அவனுக்கு ஏது மடை? கருப்பர் கோயில் வாசலில் ஈரத்துணியோடு ஊர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். விழுந்து எழுந்தால் தீர்ந்தது. இதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

தலைப்பொங்கலுக்கு என்னோடு வந்தபோதுதான் என் வீட்டுக்காரர் அந்தப் பறவைகளை முதலில் பார்த்தார். பார்த்தவருக்குப் பொங்கல் இறங்கவில்லை. அதற்கப்புறம் வருஷா வருஷம் மார்கழி பிறந்தால் என் அண்ணன் வீடுதான் கதி. மாப்பிள்ளை வந்துவிட்டார் என்றால் அண்ணனுக்குத் தலைகால் புரியாது. கோழி அடிப்பான், கரைமேல் கேமராப் பெட்டியைத் தானே சுமப்பான், வெயில் ஏறினால் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்பான். இவரும் எடுத்துக்கொண்டு வருவார்: குஞ்சுக்கு இரை கொடுக்கிற நாரை, ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு, சிறகை விரித்துக் காயவைக்கிற நீர்க்காகம். எனக்கு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இவருக்குத் திருப்தி வராது.

"ஒண்ணு ரெண்டு பறக்குறதை எவன் வேணும்னாலும் எடுப்பான், முத்தழகு. அம்புட்டும் ஒரே நேரத்துல எந்திரிக்கணும். காலைச் சூரியன் அதுகளுக்குப் பின்னால மறையணும். அப்படி ஒரு படம் எடுத்து மெட்ராஸ் போட்டிக்கு அனுப்பினா, பூமிநாதன்னு ஒருத்தன் இருக்கான்னு தெரியும்."

"அதுககிட்டச் சொல்லிப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னதும் எந்திரிக்கச் சொல்லுங்க" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

அறுபத்தெட்டு மார்கழியில் நான் காரைக்குடியிலேயே இருந்துவிட்டேன். இவர் மட்டும் போய், இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தார். கால்சட்டை முழங்கால் வரைக்கும் சேறு, கண் காய்ச்சல்காரன் கண் மாதிரி.

"கிடைச்சிருச்சு முத்தழகு! அம்புட்டும் எந்திரிச்சிருச்சு! ஒரு மரம் பாக்கியில்ல!"

"எப்படி எந்திரிச்சுச்சு?"

"உங்க அண்ணன் வெடி போட்டுட்டாரு. வயல்ல பன்னி இறங்கிருச்சாம், கோவத்துல போட்டுட்டாரு. என் நல்ல நேரம், நான் கேமராவைத் திறந்து வச்சிருந்தேன்."

"எங்க அண்ணனா? மார்கழியிலயா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? சோத்தைப் போடு, பசிக்குது."

சோற்றைப் போட்டேன். மனசு ஒப்பவில்லை. என் அண்ணன் கரைமேல் நடக்கும்போது தும்மல் வந்தால்கூடத் துண்டை வாயில் வைத்துக்கொள்கிறவன்.

மறுநாள் காலையில் மதினி பொன்னுத்தாயி பஸ் ஏறி வந்துவிட்டாள். வாசல்படியிலேயே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். இவர் அவள் குரலைக் கேட்டதும் டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

மதினி சொன்னாள்: "கண்ணு கொண்டு பார்க்க முடியலை முத்தழகு. பறவை பதறி எந்திரிச்ச வேகத்துல கூடெல்லாம் சரிஞ்சிருச்சு. ரோமம்கூட முளைக்காத குஞ்சு, பொத்துப் பொத்துன்னு தண்ணியில விழுகுது. பொழுதுக்கும் காக்காயும் பருந்தும் கொத்திக்கிட்டுக் கிடந்துச்சு. தாய்ப்பறவை மேல சுத்திச் சுத்திக் கத்திட்டு, சாயங்காலம் வடக்காமப் போனதுதான், ஒண்ணுகூடத் திரும்பலை."

"அண்ணன்தான் வெடி போட்டுச்சா?"

"ஊர் கூடினதும் உங்க அண்ணன் முன்னால போயி, நான்தான் போட்டேன்னு சொல்லிட்டாக. அம்பலம் ஆண்டியப்பன் நம்பலை. 'கருத்தையா, நீயா?'ன்னு கேட்டாக, ஒருதரம் இல்ல, மூணுதரம். அதே பேச்சுத்தான். செத்த குஞ்சையெல்லாம் கூடையில பொறுக்கிக் கரையில புதைச்சாக. கையோட மடையை அடைச்சுட்டாக. கதிரு பால் பிடிக்கிற நேரம்." மூக்கைச் சிந்திவிட்டு டார்க் ரூம் கதவைப் பார்த்தாள். "எங்க வீட்டுல வெடின்னு ஒண்ணு இருந்ததே கிடையாது. நான் யாரையும் குத்தம் சொல்லலை. நீயே யோசிச்சுக்க."

ஊரார் யாரும் இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரைமேல் கேமராவும் கையுமாக இவர் நின்றதை எல்லாரும்தான் பார்த்தார்கள். ஆனால் ஒரு வீட்டு மாப்பிள்ளை ஊருக்கே மாப்பிள்ளை. அவரைக் கைநீட்டிக் கேட்டால் பெண் கொடுத்தவனுக்குக் கேவலம். அதனால் அண்ணன் சொன்னதை வாங்கிக்கொண்டு கலைந்து போய்விட்டார்கள். நல்ல மரியாதை! அந்த மரியாதையில் இடி விழ.

மதினி போன பிறகு நான் டார்க் ரூமுக்குள் நுழைந்தேன். படம் கழுவும்போது மருந்துத் தட்டை ஆட்டிக்கொடுப்பது எப்போதும் என் வேலை. சிவப்பு விளக்கில் இவர் காகிதத்தைத் தட்டில் போட்டார், நான் ஆட்டினேன். வெள்ளைக் காகிதத்தில் முதலில் பறவைகள் வந்தன. எத்தனை, எத்தனை! வானமே தெரியவில்லை. சூரியன் ஒரு தேய்ந்த காசு மாதிரி சிறகுகளுக்குப் பின்னால் கிடந்தது. உண்மையைச் சொன்னால் என்ன, அப்படி ஒரு படத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மயிர் சிலிர்த்தது. அப்புறம் கீழே கரை வந்தது. இந்தப் பக்கக் கரையில், கேமராவுக்குக் கொஞ்சம் முன்னால், புகை. அந்தப் பக்கக் கரையில், படத்தின் மூலையில், ஒரு ஆள். தலைக்கு மேலே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று ஓடி வருகிற ஆள். துண்டு இடுப்பிலிருந்து அவிழ்ந்து தொங்குகிறது. என் அண்ணன்.

"அந்தப் பக்கம் நிக்கிறவன் இந்தப் பக்கம் எப்படி வெடி போட்டான்?" என்று கேட்டேன்.

இவர் காகிதத்தை இடுக்கியால் தூக்கி அடுத்த தட்டில் போட்டார். "அந்த மூலையை வெட்டிரலாம். கண்ணை உறுத்துது."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஒத்த வெடிதான், முத்தழகு. கேமராப் பையில போட்டுக்கிட்டுப் போனேன். சும்மா எந்திரிச்சுச் சுத்திட்டு மறுபடி உக்காந்துரும்னு நினைச்சேன். குஞ்சு விழுகும்னு எனக்கு என்ன தெரியும்?"

"சரி. ஊர் கூடினப்ப வாயில என்ன இருந்துச்சு? கொழுக்கட்டையா?"

"உங்க அண்ணன்தான் முந்திக்கிட்டாரு. நான் என்ன பண்ண? அம்புட்டுப் பேருக்கு முன்னாடி என்னைத் தரையில விழுந்து கிடக்கச் சொல்றியா?"

"விழுந்தா என்ன, தேஞ்சா போயிருவீக?" என்று கத்தினேன். மருந்துத் தட்டைத் தூக்கி அவர் மேல் ஊற்றியிருப்பேன். கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த பஸ்ஸில் கொக்குளாம்பட்டிக்குப் போனேன். அண்ணன் வயல் வரப்பில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வயல்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது; இவன் வயல் வாய்க்காலில் சேறுதான் மிச்சம் இருந்தது. படத்தில் பார்த்ததைச் சொன்னேன். அவன் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை.

"சத்தம் போடாதத்தா. யார் காதுலயாவது விழுந்துறப் போகுது."

"விழட்டும்! நீ ஏண்ணே உன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்ட?"

"பின்ன என்னத்தா செய்யச் சொல்ற? மாப்பிள்ளை ஈரத்துணியோட ஊர்க்கால்ல விழுகுறதை நான் நின்னு பார்க்கணுமா? விழுந்துட்டு எந்திரிச்சு, மறுபடி நம்ம வாசலை மிதிப்பாகளா? உன்னை வச்சுத்தான் வாழ்வாகளா? உன் மாமியா என்னைக்குச் சாக்குக் கிடைக்கும்னு இருக்காக." மண்ணாங்கட்டி ஒன்றை எடுத்து உதிர்த்தான். "ஒரு வெள்ளாமைதானே. போனாப் போகுது. வர்ற வருஷம் பறவை வந்துரும்."

என்ன சொல்லியும் அவன் அசையவில்லை. எனக்காகச் செய்கிறானாம்! எனக்கு வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டானா? அவன் மேல் வந்த கோபத்தில் பாதிகூட எனக்கு என் வீட்டுக்காரர் மேல் வரவில்லை. திரும்பி வந்து இவரை விடாமல் பிடித்துக்கொண்டேன். போட்டி முடியட்டும், முடிந்ததும் வந்து ஊர் முன்னால் சொல்கிறேன் என்று என் தலையில் கைவைத்துச் சொன்னார்.

போட்டி முடிந்தது. மூலையை வெட்டிய படத்துக்கு முதல் பரிசு. பேப்பரில் போட்டார்கள். பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டியதும், படம் எடுக்க வந்த கூட்டத்தைவிட அதைப் பார்க்க வந்த கூட்டம் அதிகம். கண்டரமாணிக்கத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். என் மாமியார் அதற்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். அந்த மாசம்தான் என் அண்ணன் வயலில் அறுத்ததெல்லாம் பதர். மாட்டுக்குப் போடக்கூட வைக்கோல் தேறவில்லை. இவரை ஊருக்கு வரச் சொன்னால், இன்னைக்கு முகூர்த்தம், நாளைக்கு மெட்ராஸிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று ஏதாவது ஒன்று சொன்னார்.

மறு வருஷம் மழை பெய்தது. கண்மாயும் பெருகியது. பறவை வரவில்லை. நாலைந்து நாரைகள் வந்து மேலே சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. ஊர் முழுக்க அண்ணன் பெயரைச் சொல்லித் திட்டியது. கிணற்றடியில் மதினியோடு யாரும் பேசவில்லை. மடை அடைத்தபடி கிடந்தது. அண்ணன் மாடுகளை விற்றான். ஆத்தங்குடியில், தரையில் பதிக்கிற பூக்கல் செய்கிற பட்டறைக்கு மணல் சுமக்கப் போனான். ஒருநாள் காரைக்குடிக் கடைத்தெருவில் அவனைப் பார்த்தேன். உடம்பெல்லாம் சிமெண்டுத் தூசியோடு, என்னைக் கண்டதும் ஒரு கடைக்குள் ஒளியப் பார்த்தான். என் அண்ணன்! என்னைக் கண்டு!

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஸ்டுடியோ கதவை இழுத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஆவணியில எங்க ஊர்ல, யாருக்கு எப்பத் தண்ணின்னு மடை முறை பேசக் கூடுவாக. நீங்க வந்து சொல்றீக. வராட்டி நான் மட்டும் போறேன், போனா திரும்ப மாட்டேன்" என்றேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். விளையாட்டில்லை என்று புரிந்திருக்க வேண்டும். வருகிறேன் என்றார்.

கருப்பர் கோயில் வேம்படியில் கூட்டம். ஆண்கள் கீழே உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் தள்ளி, மதிலோரம் நின்றோம். கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் கிடையாது. இவரைக் கண்டதும் அம்பலம் ஆண்டியப்பனே எழுந்து, "வாங்க மாப்பிள்ளை, இங்குட்டு வந்து உக்காருங்க" என்று துண்டை விரித்தார். இவர் வெள்ளைக் கால்சட்டையும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்கு நடந்ததுல... எனக்கும் ஒரு பங்கு இருக்கு" என்றார்.

பங்காம், பங்கு! ஆடா வெட்டியிருக்கிறார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் அண்ணன் எழுந்துவிட்டான். "மாப்பிள்ளை, நீங்க சும்மா இருங்க. அம்பலம், இவுக என் கஷ்டத்தைப் பார்த்து இரக்கப்பட்டுப் பேசுறாக. பழியைத் தன் மேல ஏத்துக்கப் பார்க்குறாக. வெடி போட்டது நான். அன்னைக்குச் சொன்னதுதான்."

நான் மதிலோரத்தை விட்டு நேராக ஆண்கள் நடுவில் போய் நின்றேன். மூலையை வெட்டாத படம் ஒன்றை நானே கழுவி முந்தானைக்குள் கொண்டுபோயிருந்தேன். "இதைப் பாருங்க அம்பலம். புகை இந்தக் கரையில இருக்கு. எங்க அண்ணன் அந்தக் கரையில நிக்குது. கையைத் தூக்கிக்கிட்டு ஓடியாருது. வெடி போட்டவன் இப்படியா ஓடியாருவான்?"

"ஏய், உள்ள போ!" என்று அண்ணன் அதட்டினான். பிறந்ததிலிருந்து என்னை அவன் ஏய் என்று கூப்பிட்டதில்லை.

அம்பலம் படத்தைக் கையில் வாங்கி, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. "நாங்க கேக்குற முறை இல்ல. கருப்பன் கேக்கட்டும். சூடத்தை ஏத்துங்கப்பா. வெடி போட்டது யாரோ அவுக வந்து அடிச்சு அணைச்சுச் சொல்லட்டும். சொன்னா, அத்தோட பேச்சு முடிஞ்சுது" என்றார்.

எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. கருப்பர் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து எங்கள் ஊரில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். அதிலும் என் அண்ணன், அந்தக் கோயிலைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறவன். அவன் ஒதுங்கிவிடுவான், இவர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். அம்பலமும் அப்படி நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்குமே என் அண்ணனைத் தெரியவில்லை.

வாசல் கல்லில் சூடம் எரிந்தது. என் வீட்டுக்காரர் எழுந்தார். எழுந்தார்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். சூடத்தைப் பார்த்தார். சூடத்துக்கு முன்னால் கிடந்த, தான் விழ வேண்டிய புழுதியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று விரல் வாரில் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும்.

அண்ணன் அவரைத் தாண்டிப் போய்க் குனிந்தான். "கருப்பா! வெடி போட்டது நான்தான். பொய் சொன்னா எனக்குப் பிள்ளை இல்லாமப் போகட்டும்." உள்ளங்கையால் சூடத்தை ஓங்கி அடித்தான். நெருப்பு அணைந்தது.

மதினி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காளியாயியைத் தூக்கி மார்போடு இறுக்கிக்கொண்டு கோயிலை விட்டு ஓடினாள். அம்பலம் படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "சரி, எந்திரிங்க" என்றார். கூட்டம் கலைந்தது. மடை திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது, "மச்சான் மாதிரி ஒரு மனுஷனைப் பார்க்க முடியாது" என்றார்.

"பேசாதீக. இன்னும் ஒரு வார்த்தை பேசினா இந்த பஸ்ஸுல இருந்து குதிச்சிருவேன்."

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மேற்கே பிரான்மலை மேல் மேகம் செக்கச் செவேலென்று பிளந்துகொண்டு நின்றது. அவர் கை தானாகக் கேமராப் பைக்குப் போனது. திறக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

அந்த மாசமே காளியாயிக்குக் காய்ச்சல் கண்டது. ஆவணி புரட்டாசியில் எந்தப் பிள்ளைக்குத்தான் காய்ச்சல் வரவில்லை? ஆனால் அண்ணன் அதைக் காய்ச்சலாகப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு உடம்பு தேறியதும், ஒரு காலையில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டான். அவளுக்கு அப்போது ஐந்து வயது. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. அவளை இறக்கி என் பக்கம் தள்ளினான்.

"இனிமே இது உன் பிள்ளை. நீயே வளர்த்துக்கத்தா."

"என்ன பேசுறே?"

"எனக்குப் பிள்ளை இல்லாமப் போகட்டும்னு வாக்குக் குடுத்துட்டேன். என்கிட்ட இருந்தா கருப்பன் எடுத்துக்குவான். ஒருதரம் தொட்டுப் பார்த்துட்டான். நானே இல்லைன்னு ஆக்கிட்டா, பிள்ளை பிழைச்சுக்கும்."

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நீ எதுக்காகச் சொன்னேன்னு கருப்பனுக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சாலும் வாக்கு வாக்குதானத்தா. என்னை அப்பான்னு கூப்பிட மட்டும் பழக்காத."

மதினி தெருவிலேயே நின்றாள். பிள்ளையின் பாவாடை சட்டைகளை ஒரு துணியில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். நான் போய்க் கையை நீட்டினேன். "உன் தாலிக்காக என் வயித்தை அறுத்துக் குடுத்திருக்கோம். பத்திரமா வச்சுக்க" என்றாள். அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அது. மூட்டையை வாங்கிக்கொண்டு பிள்ளையின் கையைப் பிடித்தேன்.

அப்புறம் ஐப்பசி கார்த்திகை முழுக்க, பிள்ளை சாயங்காலமானால் வாசலில் போய் நிற்பாள். எந்த ஆள் துண்டு போட்டுக்கொண்டு வந்தாலும் எட்டிப் பார்ப்பாள். ஸ்டுடியோ வாசலில் மாட்டியிருந்த படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒருநாள், "மாமா, இதெல்லாம் எங்க போகுது?" என்று கேட்டாள். இவர் எழுந்து வெளியே போய்விட்டார். போனவர் படத்தையாவது கழற்றியிருக்கலாம். நான் கழற்றிப் பரணில் போட்டேன். கேட்டு வருகிறார்கள் என்று மறுபடி மாட்டினார். என் மாமியாருக்கு மட்டும் பரம சந்தோஷம். வீட்டில் பிள்ளைச் சத்தம் கேட்டதும் வேறு பெண் பார்க்கிற பேச்சே நின்றுபோனது. என் அண்ணன் எதை நினைத்துச் செய்தானோ அது நடந்துவிட்டது. நான் வாழ்கிறேன்.

எழுபத்தொன்று கார்த்திகையில் பறவைகள் வந்து கூடு கட்டின என்று கேள்விப்பட்டேன். அண்ணன் வயலுக்கு மடையைத் திறந்துவிட்டார்களாம். அம்பலம் தானே போய் மண்ணை வெட்டிவிட்டாராம். விளைச்சலும் மோசமில்லை என்றார்கள். எனக்கு ஒரு ஆசை பிறந்தது. தண்ணீர் திரும்பிவிட்டது, காய்ச்சல் வந்த பிள்ளை கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள், கருப்பர் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. இனி என்ன? பங்குனியில் கோயில் திருவிழாவுக்கு அவளுக்குப் புதுப் பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு தடவை நேரில் பார்த்தால் அண்ணன் மனசு இளகாமலா போகும் என்றிருந்தது.

கோயில் வாசல் கூட்டத்தில் நான் காட்டுவதற்கு முன்னாலேயே அவள் பார்த்துவிட்டாள். என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். "அப்பா!" என்று அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அண்ணன் மரம் மாதிரி நின்றான். முகம் வெளுத்துவிட்டது. அவள் தலையைக்கூட அவன் குனிந்து பார்க்கவில்லை. கருப்பர் சன்னிதிப் பக்கம் முகத்தைத் திருப்பி, அங்கே கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னான்: "யாரு வீட்டுப் பிள்ளைங்க இது? ஆள் தெரியாம வந்து பிடிச்சிருக்கு. வந்து கூட்டிக்கிட்டுப் போங்க."

அவள் கையை எடுத்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. மெல்ல நடந்து திரும்பி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வீட்டுக்குப் போவோம்" என்றாள். அதுவரைக்கும் அவள் என்னை அத்தை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.